கோலார் தங்கவயல்: இரும்புக் கோபுரங்கள் சொல்லும் கணக்கு

திருப்பூரிலிருந்து சேலம், ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் ரயில்கள் பங்காருபேட்டை என்னும் சந்திப்பைக் கடந்து போகின்றன. அந்தச் சந்திப்பிலிருந்து ஒரு கிளைப்பாதை பிரிகிறது. சுமார் 16 கிலோமீட்டர் ஓடி, மாரிகுப்பம் என்ற நிலையத்தில் அது முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று இடையில் வரும் நிலையங்களின் பெயர்களே ஒரு பழைய கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது போல இருக்கும். பாதையின் இருபுறமும் செடி கொடி அதிகம் முளைக்காத சாம்பல் நிறக் குன்றுகள். அவற்றுக்கு இடையே துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள். இதுதான் கோலார் தங்கவயல்.

2018-ல் வெளிவந்த ஒரு கன்னடத் திரைப்படத்தால் 'கே.ஜி.எஃப்.' என்ற மூன்றெழுத்து இந்தியா முழுவதும் பிரபலமானது. அந்தப் படத்தின் கதை கற்பனை. உண்மையான தங்கவயலின் கதையில் துப்பாக்கிகளைவிட இயந்திரங்களே அதிகம். பூமிக்கு அடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே மனிதனை இறக்கி, கல்லை வெட்டி, மேலே தூக்கி, மாவாக அரைத்து, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தங்கத்தைப் பிரிப்பது என்பது சாதாரண வேலையா? அந்த வேலைக்காக எழுந்த கட்டடங்களும் இயந்திரங்களும் எப்படி வந்தன, ஏன் நின்றன என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

தொடக்கம்

கோலார் பகுதி மண்ணில் தங்கம் இருப்பது அந்த ஊர் மக்களுக்கு மிகப் பழங்காலத்திலேயே தெரியும். ஆங்கிலேயர்கள் வருவதற்கு முன்பே அங்கு பழைய குழிகள் இருந்தன. 1802-ல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, எல்லை அளக்கும் பணிக்காக வந்தபோது இதைக் கேள்விப்பட்டு, கிராம மக்கள் மண்ணை அலசித் தங்கத்துகள் எடுப்பதை நேரில் பார்த்து எழுதி வைத்தார்.

எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குறிப்பு ஒருவரைத் தூண்டியது. அவர் பெயர் லாவெல். நியூசிலாந்தில் போரிட்டுவிட்டுப் பெங்களூரில் ஓய்வில் இருந்த அயர்லாந்துச் சிப்பாய். 1870-களில் மைசூர் அரசிடம் சுரங்கம் தோண்டும் உரிமை வாங்கினார். ஆனால் தங்கச் சுரங்கம் தனி மனிதனின் பணத்தால் நடக்கக் கூடியதல்ல என்பதை விரைவில் உணர்ந்தார். உரிமை கைமாறியது. கம்பெனிகள் தொடங்கப்பட்டன, பங்குகள் விற்கப்பட்டன, தங்கம் மட்டும் கிடைக்கவில்லை.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம் உள்ளே வந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் பகுதியின் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் அனுபவம் பெற்ற குடும்பம் அது. அவர்களும் முதலில் நஷ்டத்தையே பார்த்தார்கள். முதலீடு தீரும் தறுவாயில், பழங்காலத்தவர் தோண்டி விட்டுப்போன குழிகளுக்கும் கீழே இறங்கிப் பார்த்தபோதுதான் வளமான வெண்கல் படிவம் அகப்பட்டது. 'சாம்பியன் ரீஃப்' என்று அதற்குப் பெயர். செங்குத்தாகச் சாய்ந்து பூமிக்குள் இறங்கும் ஒரு பலகையைப் போல, பல கிலோமீட்டர் நீளத்துக்கு அது ஓடியது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்ற ஐந்து பெரிய சுரங்கங்களும் அந்த ஒரே வரிசையில் எழுந்தன.

படிவம் எங்கே இறங்கியதோ, அங்கே மனிதனும் இறங்க வேண்டியிருந்தது. அடுத்த 120 ஆண்டுகளின் கதை அவ்வளவுதான்.

கோபுரமும் வடமும்

தங்கவயலுக்குப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது ஷாஃப்ட்டின் வாய்மேல் நிற்கும் இரும்புக் கோபுரம். ஷாஃப்ட் என்பது கிணறு போல நேராக இறங்கும் சுரங்க வழி. எட்கர், ஹென்றி, கிஃபோர்டு என்று ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் ஆங்கிலேயர் பெயர் வைத்தார்கள்.

கோபுரத்தின் உச்சியில் பெரிய சக்கரங்கள். அவற்றின் மேல் எஃகுக் கம்பிவடம் ஓடும். கிணற்றில் ராட்டினம் எப்படியோ அப்படித்தான். ஆனால் இந்த ராட்டினத்தை இழுப்பது கை அல்ல. சற்றுத் தள்ளி ஒரு கட்டடத்துக்குள் பெரிய உருளை இருக்கும். அதில் வடம் சுற்றிக்கொள்ளும். இதற்கு வைண்டிங் இன்ஜின் என்று பெயர். ஒரு பக்கம் கூண்டு இறங்கும்போது மறுபக்கம் இன்னொரு கூண்டு ஏறும். தராசின் இரண்டு தட்டுகள் போல ஒன்றின் எடை மற்றொன்றுக்கு உதவும். இயந்திரத்தை ஓட்டுபவருக்கு ஷாஃப்ட்டுக்குள் நடப்பது எதுவும் தெரியாது. கீழிருந்து வரும் மணியோசைதான் மொழி. எத்தனை மணி அடித்தால் நிறுத்து, எத்தனை அடித்தால் தூக்கு, எத்தனை அடித்தால் ஆள் ஏறியிருக்கிறது, மெதுவாகப் போ என்று கணக்கு உண்டு. மணியை எண்ணுவதில் தவறினால் உயிர் போகும்.

ஆழம் கூடக்கூட ஒரு விசித்திரமான சிக்கல் எழுகிறது. மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள ஒரு வடம் என்று வைத்துக்கொண்டால், 2,000 மீட்டர் தொங்கும்போது வடத்தின் எடை மட்டுமே 10,000 கிலோ ஆகிறது. கல்லைத் தூக்குவதற்கு முன் இயந்திரம் தன் சொந்தக் கயிற்றைத் தூக்க வேண்டும்! தடிமனான வடம் போட்டால் எடை இன்னும் கூடும். ஆகவே ஒரே ஷாஃப்ட்டில் கடைசிவரை இறங்க முடியாது. பூமிக்குள்ளேயே ஒரு பெரிய அறையைக் குடைந்து, அங்கே இன்னொரு வைண்டிங் இன்ஜினை நிறுவி, அங்கிருந்து மறுபடியும் ஒரு ஷாஃப்ட் தோண்டுவார்கள். பஸ் மாறி பஸ் ஏறுவது போலத் தொழிலாளர்கள் கூண்டு மாறிக் கூண்டு ஏறித்தான் அடிமட்டத்துக்குப் போனார்கள். இப்படிப் படிப்படியாகத்தான் சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது.

காவிரி கொடுத்த மின்சாரம்

தொடக்கத்தில் எல்லாமே நீராவி. கொதிகலன்களுக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். சுற்று வட்டாரக் காடுகள் அடுப்புக்குப் போயின. நிலக்கரி வெகு தொலைவிலிருந்து வரவேண்டும். 1894-ல் திறக்கப்பட்ட பங்காருபேட்டை – மாரிகுப்பம் ரயில்பாதை (அப்போது பங்காருபேட்டையின் பெயர் பௌரிங்பேட்டை) இந்தச் சுமையை ஓரளவு குறைத்தது. ஆனால் எரிபொருள் செலவு குறையவில்லை.

அப்போது மைசூர் சமஸ்தானம் துணிச்சலான ஒரு காரியத்தைச் செய்தது. காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் கட்டி, அங்கிருந்து கம்பி வழியாகத் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்புவது என்று முடிவானது. ஜோலி டி லாட்பினியர் என்ற ராணுவப் பொறியாளர் திட்டத்தை வகுத்தார். திவான் சேஷாத்ரி ஐயர் அதற்குத் துணை நின்றார். மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தினுடையவை. நீர்ச்சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனத்தினுடையவை. 1902 ஜூன் 30 அன்று மின்சாரம் தங்கவயலைச் சென்றடைந்தது. தூரம் 92 மைல், அதாவது சுமார் 148 கிலோமீட்டர். அன்றைய உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அதுவும் ஒன்று. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

முதலில் நிறுவப்பட்ட திறன் சுமார் 4,300 கிலோவாட். உடுமலை, தாராபுரம் பக்கம் இன்று சுழலும் பெரிய காற்றாலைகள் இரண்டின் நிறுவுதிறன் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். இன்றைக்குச் சின்னத் தொகைதான். ஆனால் இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெங்களூர் நகரத்தின் தெருவிளக்குகள் மின்சாரத்தில் எரியத் தொடங்கியது 1905-ல். தங்கம் தோண்டும் இயந்திரங்களுக்கு மூன்று வருடங்களுக்கு முன்பே மின்சாரம் கிடைத்துவிட்டது! கோடைக்காலத்தில் காவிரியில் நீர் குறைந்தால் சுரங்கத்துக்கு மின்சாரம் குறையும் என்ற கவலை, 1911-ல் கிருஷ்ணராஜ சாகர் அணையின் வேலை தொடங்கியதற்கான காரணங்களில் ஒன்று.

ஒரு தொழிலுக்காக வந்த மின்சாரம் ஒரு பகுதியையே மாற்றிவிடும் என்பதற்குக் கொங்கு நாட்டிலும் சான்று உண்டு. நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் 1932-ல் இயங்கத் தொடங்கிய பிறகுதான் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் வேகமாகப் பெருகின. சிவசமுத்திரம் தங்கவயலுக்குச் செய்ததைப் பைக்காரா நூலுக்குச் செய்தது. ஒரு வித்தியாசம்: பஞ்சு வருடா வருடம் விளையும். தங்கம் ஒரு முறைதான்.

உரலும் உலக்கையும்

மேலே வந்த கல்லில் தங்கம் பளபளவென்று தெரியும் என்று நினைத்தால் தவறு. பெரும்பாலான கல்லில் தங்கம் கண்ணுக்கே தெரியாது. அதை மாவாக அரைத்தால்தான் வெளியே வரும். அதற்கான ஆலைக்கு ஸ்டாம்ப் மில் என்று பெயர். பெயர்தான் ஆங்கிலம், தத்துவம் தமிழ்நாட்டு வீடுகளில் இருந்த உரல் உலக்கைதான். ஓர் இரும்பு உரலுக்குள் வரிசையாக ஐந்து இரும்பு உலக்கைகள். ஒவ்வொன்றும் சில நூறு கிலோ எடை. சுழலும் தண்டு ஒன்று அவற்றைத் தூக்கித் தூக்கிப் போடும். இப்படிப்பட்ட உரல்கள் வரிசை வரிசையாக இரவும் பகலும் இடித்துக்கொண்டே இருக்கும்.

இடித்த கல் தண்ணீரோடு கூழாகி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் வழிந்தோடும். தங்கத்துக்குப் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. ஒட்டியதைச் சுரண்டி எடுத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் பிரிய, தங்கம் தங்கும். ஆனால் இந்த முறையில் கணிசமான தங்கம் தகட்டில் ஒட்டாமல் கூழோடு போய்விடும்.

அந்தக் குறையைத் தீர்த்தது சயனைடு முறை. 1887-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டுபிடித்தது. நீர்த்த சயனைடு கரைசலில் தங்கம் கரையும். அந்தக் கரைசலில் துத்தநாகத்தைச் சேர்த்தால் தங்கம் திரும்ப வந்துவிடும். 1890-களில் இந்த முறை தங்கவயலுக்கும் வந்தது. ஏற்கெனவே ஒதுக்கித் தள்ளிய மண்ணிலிருந்தே மறுபடியும் தங்கம் எடுக்க முடிந்தது. பங்குதாரர்களுக்கு இது கிட்டத்தட்ட இலவச லாபம். வெளியேறிய சயனைடு மண் ஆலைகளின் அருகிலேயே கொட்டப்பட்டது. கொட்டக் கொட்டக் குன்றானது. இன்று ரயிலிலிருந்து தெரிகிற அந்தச் சாம்பல் நிறக் குன்றுகள் இயற்கை உண்டாக்கியவை அல்ல. நூறு வருடத்து அரவை மாவு.

சூடும் வெடிப்பும்

கீழே போகப் போக பூமி சூடாகும். தங்கவயலின் அடிமட்டத்தில் பாறையின் வெப்பநிலை 65 டிகிரி செல்சியசைத் தாண்டியது. தேநீர்க் குவளையைத் தொடுவது போல இருக்கும் பாறைக்கு நடுவே எட்டு மணி நேரம் வேலை செய்ய முடியுமா? பெரிய மின்விசிறிகள் மட்டும் போதவில்லை. 1930-களில் தரைமட்டத்தில் குளிரூட்டும் ஆலைகள் அமைக்கப்பட்டு, குளிர்ந்த காற்று ஷாஃப்ட் வழியாகக் கீழே அனுப்பப்பட்டது. இந்தியாவில் பெரிய வீடுகளில்கூட ஏர்கண்டிஷன் இல்லாத காலம் அது.

சூட்டைவிடக் கொடியது பாறை வெடிப்பு. மேலேயிருக்கும் மூன்று கிலோமீட்டர் பாறையின் பாரம் முழுவதும், வெட்டி எடுத்த வெற்றிடத்தின் சுவர்களை அழுத்தும். ஒரு நேரம் சுவர் தாங்காமல் குண்டு வெடித்தது போலச் சிதறும். அந்த அதிர்வு தரைமேல் இருந்த வீடுகளையும் உலுக்கும். வீட்டில் பாத்திரம் உருண்டால், கீழே ஷிஃப்ட்டில் இருப்பவர் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்க்க வீட்டுக்காரர்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள்.

முதலில் மரத்தூண்கள் வைத்துத் தாங்கினார்கள். மரம் நசுங்கியது, தீப்பிடிக்கவும் செய்தது. பிறகு கருங்கல்லைச் செதுக்கி உள்ளே கொண்டுபோய், வெட்டிய இடங்களில் சுவர் எழுப்பினார்கள். மேலேயிருந்து கீழே கல் போவதும், கீழேயிருந்து மேலே கல் வருவதுமாகச் சுரங்கம் நடந்தது. பிற்காலத்தில் கான்கிரீட்டும் வந்தது. பாறையின் அசைவுகளைப் பதிவு செய்யக் கருவிகள் பொருத்தப்பட்டன. 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டதற்குப் பின்னணியில் இந்த அனுபவம்தான் இருந்தது.

அந்த ஆழம் விஞ்ஞானத்துக்கும் பயன்பட்டது. விண்வெளியிலிருந்து வரும் மற்ற துகள்களைத் தடித்த பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-ல் அங்கே கண்டறிந்தார்கள். உலகிலேயே முதன்முறையாக அதைக் கண்டறிந்த இரண்டு குழுக்களில் அது ஒன்று. மற்றொன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ஆய்வு நடத்திய குழு.

பங்களாவும் லைனும்

தங்கவயலின் கட்டடங்கள் இரண்டு வகை. மேட்டில் அதிகாரிகளின் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம், தேவாலயங்கள். பள்ளத்தில் தொழிலாளர்களின் 'லைன்'கள். தொடக்கத்தில் அவை மூங்கில் தட்டியால் அமைந்த ஒற்றை அறைகள். வரிசை வரிசையாக, ஒரே அளவில், குடும்பம் பெரிதானாலும் அறை பெரிதாகாமல்.

அந்த லைன்களில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்தும், ஆந்திரத்தின் சித்தூரிலிருந்தும் பஞ்சமும் சாதிக் கொடுமையும் தாங்காமல் வந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரம் பேர் வரை சுரங்கங்களில் வேலை செய்தார்கள். ஊரில் நிலம் மறுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இங்கே மாதக் கூலி கிடைத்தது. அதனோடு சங்கமும் பள்ளியும் பத்திரிகையும் வந்தன. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பம் ஒரு முக்கியக் கிளை. 1930-ல் தொழிலாளர் அனைவரின் விரல்ரேகையையும் பதிய நிர்வாகம் முயன்றபோது, தங்களைக் குற்றவாளிகளைப் போல நடத்துவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் வேலை நிறுத்தம் செய்தார்கள்.

ஊருக்குத் தண்ணீர் பேத்தமங்கலத்தில் பாலாற்றின் நீரைத் தேக்கிய ஏரியிலிருந்து சுத்திகரித்துக் கொண்டுவரப்பட்டது. வேலூர்க்காரர்களுக்குத் தெரிந்த அதே பாலாறுதான். சுரங்க மருத்துவமனை அந்தக் காலத்தில் பேர் பெற்றது. அந்த மருத்துவமனைக்கு அதிகம் வந்த வியாதிகளில் ஒன்று, சுரங்கமே கொடுத்தது. துளையிடும் இயந்திரம் காற்றழுத்தத்தால் வேகமாக இயங்கத் தொடங்கியபோது வேலை பெருகியது, தூசியும் பெருகியது. வெண்கல் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். அதற்கு மருந்து இல்லை. 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, ஐந்தில் இருவருக்கு மேல் அந்த நோய் இருந்தது. துளையிடும்போது தண்ணீர் பீய்ச்சித் தூசியை அடக்கும் முறை பரவலாவதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டது.

கணக்கு

வணிகவியல் பாடத்தில் தேய்மானம் என்றொரு பகுதி உண்டு. நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று இயந்திரங்களின் மதிப்பை வருடா வருடம் குறைத்து எழுதுவார்கள். ஒரு பின்னலாடைக் கம்பெனியில் நிட்டிங் மெஷின் பழசானால் அதை எழுதித் தள்ளிவிட்டு, ஒதுக்கி வைத்த பணத்தில் புது மெஷின் வாங்கலாம். நூல் மறுபடியும் வரும், தொழில் தொடரும். சுரங்கம் அப்படியல்ல. அது தீர்ந்துபோகும் சொத்து. எடுக்கும் ஒவ்வொரு டன் கல்லும் சொத்திலிருந்தே எடுக்கப்படுவது. அதைத் திரும்ப வாங்கிப் போட முடியாது.

தங்கவயலில் ஆரம்பக் காலத்தில் ஒரு டன் கல்லில் 45 கிராம் வரை தங்கம் கிடைத்தது. அதாவது ஐந்தரை பவுன். கடைசிக் காலத்தில் டன்னுக்கு சுமார் 3 கிராம். அரைப் பவுன்கூட இல்லை. ஆனால் அந்த அரைப் பவுனுக்காகச் செய்த செலவு ஐந்தரைப் பவுனுக்குச் செய்ததைவிட அதிகம். வடம் நீண்டது, குளிர்காற்று அதிக தூரம் போகவேண்டியிருந்தது, தாங்குசுவர் அதிகம் தேவைப்பட்டது, ஆள் கீழே போய்ச்சேரவே நேரம் பிடித்தது. ஆழம் என்பது ஒரு முறை விலை கொடுத்து வாங்கிவிடும் பொருள் அல்ல. தினமும் வாடகை கட்டவேண்டிய இடம். தங்கவயலின் ஒவ்வொரு இயந்திரமும் அந்த வாடகையைக் கட்டவே ஓடியது.

விலையும் கைகொடுக்கவில்லை. 1934 முதல் 1971 வரை ஒரு அவுன்ஸ் தங்கத்தின் அதிகாரபூர்வ உலக விலை 35 டாலரிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கூலி, எஃகு, மின்சாரம் எல்லாம் ஏறின. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-ல் அவை மத்திய அரசின் நிதியமைச்சகத்துக்குப் போயின. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. பெயர்ப்பலகை மாறியதே தவிர ஆழத்தின் வாடகை மாறவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்போது வேலையில் இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல்.

120 ஆண்டுகளில் சுமார் 5 கோடி டன் கல் அரைக்கப்பட்டு, ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. பவுன் கணக்கில் பத்துக் கோடிப் பவுன்!

சுரங்கத்தை மூடிய அந்தக் காலம்தான் உலகச் சந்தையில், டாலர் கணக்கில், தங்கம் இருபது ஆண்டுகளில் மிக மலிவாக விற்ற காலம். ஒரு பவுன் நாலாயிரம் ரூபாய்க்கும் கீழே இருந்தது. அதன் பிறகு விலை பல மடங்கு ஏறிவிட்டது. அப்படியானால் இப்போது திறக்கலாமே என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பதில் இயந்திரங்களிடம் இருக்கிறது. பம்புகள் நின்றதும் ஷாஃப்ட்டுகளில் தண்ணீர் ஏறியது. குளிர்காற்று நின்றது, வடங்கள் துருப்பிடித்தன, தாங்குசுவர்களைப் பார்ப்பாரில்லை. நூற்றிருபது வருடம் வாடகை கட்டிக் காத்த ஆழம், வாடகை நின்றதும் கையை விட்டுப் போய்விட்டது. இனி ஒருவர் இறங்க வேண்டுமென்றால் மேலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.

அதனால்தான் இப்போது பேச்செல்லாம் குன்றுகளைப் பற்றியே நடக்கிறது. சயனைடு மண்ணில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் மிச்சமிருக்கிறது. மூன்று கோடி டன்னுக்கும் மேல் மண் என்பதால் அது சின்னத் தொகை அல்ல. 13 குன்றுகளிலிருந்து அதை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. தங்கம் எடுத்தபின் அந்த மண்ணை எங்கே கொட்டுவது, காற்றில் பறக்காமல் எப்படி மூடுவது என்பதுதான் ஊர் மக்களின் கேள்வி. பலத்த காற்று வீசும் நாட்களில் அந்தப் பொடி வீடுகளுக்குள் வந்து படிவதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறார்கள். நொய்யலில் சாயக்கழிவு ஓடியதையும், 2011-ல் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் பார்த்த திருப்பூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. லாபம் எடுத்த வருடத்தில் கழிவைக் கணக்கில் எழுதாவிட்டால், பின்னால் வருகிறவர்கள் அதைச் செலவு எழுத வேண்டிவரும்.

கோபுரங்கள் நிற்குமா?

ஜான் டெய்லர் நிறுவனம் தொழில் கற்ற கார்ன்வாலிலும் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. ஆனால் அங்கே புகைபோக்கியோடு நிற்கும் பழைய இன்ஜின் கட்டடங்களை இடிக்கவில்லை. 2006-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஜப்பானின் இவாமி வெள்ளிச் சுரங்கத்துக்கு 2007-ல் அதே மதிப்பு கிடைத்தது. பொலிவியாவின் பொடோசி வெள்ளி மலைக்கு 1987-லேயே கிடைத்துவிட்டது. அங்கெல்லாம் வெள்ளியும் வெள்ளீயமும் எடுத்த இயந்திரமும் கட்டடமும் தாங்களே ஒரு சொத்தாகிவிட்டன.

தங்கவயலின் கோபுரங்களுக்கு எடைக்கு எடை பழைய இரும்பு விலை மட்டும்தானா? கீழே இருப்பவற்றைத் தண்ணீர் எடுத்துக்கொண்டது. மேலே இருப்பவற்றில் துரு ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு கோபுரத்தையும் ஒரு வைண்டிங் இன்ஜின் கட்டடத்தையும் ஒரு லைன் வீட்டு வரிசையையும் அப்படியே காப்பாற்றி வைத்தால்கூட, பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்து, இந்த வடத்தில் தொங்கித்தான் நம் தாத்தாக்கள் இறங்கினார்கள் என்று தெரிந்துகொள்வார்கள். பங்களாவை மட்டும் காப்பாற்றி லைனை விட்டுவிட்டால் பாதிக் கணக்குதான் மிஞ்சும்.

இயந்திரங்களைச் சுமந்துவர 1894-ல் போட்ட அந்த ரயில்பாதை மட்டும் இன்னும் ஓய்வெடுக்கவில்லை. விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில், சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவில் திரும்பி வருகிறார்கள். தாத்தா கூண்டில் ஏறி ஷிஃப்ட்டுக்குப் போன அதே நேரத்துக்குப் பேரன் ரயில் பெட்டியில் ஏறுகிறான். ஜன்னலுக்கு வெளியே கோபுரம் இருட்டில் நிற்கிறது. அதன் சக்கரம் சுழன்று இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.